கெட்டில் எரிந்தால் ஓகே

எங்கள் சந்தில் உதயா என்று கேட்டால் யாரும் வழி காட்டமாட்டார்கள். "மீட்டர் அக்கா" என்று கேட்க வேண்டும். கரண்டு மீட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். காருக்குள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் முள்ளும் விளக்குமாக ஒரு பலகை இருக்கிறதே, அந்த மீட்டர். பெங்களூர் ஹெப்பகோடியில் எங்கள் லைன் வீடுகளிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அதைச் செய்கிற கம்பெனி இருக்கிறது. அங்கே நானும் உதயாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. என் பெயர் சுனிதா. எனக்கு வாய் நீளம். அதனால்தானோ என்னவோ, அதே வேலையைச் செய்தும் என்னை யாரும் மீட்டர் அக்கா என்று கூப்பிட்டதில்லை. போகட்டும், இது என் கதை இல்லை.

வேலை இதுதான். மீட்டர் ஒவ்வொன்றாக வரும். ஒயரைச் சொருகினால் அதிலிருக்கும் எல்லா விளக்கும் ஒன்றாக எரியும். பார்க்க வேண்டும். எல்லாம் எரிந்தால் பச்சைப் பொத்தான், ஓகே. ஒன்றே ஒன்று எரியாவிட்டாலும் சிவப்புப் பெட்டி, ரிஜெக்ட். எந்த விளக்கு எதற்கு என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். கூட்டலும் கழித்தலும் போட்ட சதுரம் பொட்டி. வயிற்றுக்கு முன்னால் பந்தோடு உட்கார்ந்திருப்பது புள்ளத்தாச்சி. மஞ்சளாகக் கிணற்று மோட்டார் மாதிரி ஒன்று, அது பம்ப். மூக்கில் ஒரு சொட்டு தொங்க டீக்கடைக் கெட்டில் மாதிரி சிவப்பாக ஒன்று, அது கெட்டில். உதயா முணுமுணுத்துக்கொண்டே பார்ப்பாள். "பொட்டி, பம்ப், புள்ளத்தாச்சி, கெட்டில், ஓகே." பத்து வருஷத்துக்கு மேல் இதே பாட்டு. தூக்கத்தில்கூடச் சொல்கிறாள் என்று அவள் புருஷன் ஓஸ்வால்ட் கேலி செய்வான்.

அவளுக்கு அதில் பெருமை உண்டு. சந்தில் யார் பழைய கார் வாங்கினாலும் முதலில் அவளைத்தான் கூப்பிட்டுக் காட்டுவார்கள். சாவியைத் திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எல்லா லைட்டும் எரியுது, நல்ல மீட்டர்" என்பாள். அவர்களும் தலையாட்டிக்கொண்டு டீ வாங்கிக் கொடுப்பார்கள். காரே இல்லாதவளுக்கு அந்த மரியாதை பெரிய விஷயம்தானே?

அவள் அப்பா தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வந்து, கிடைத்த வேலையைச் செய்து, ரயிலிலேயே கிழவனாகிப் போனவர். அதனால் "மூடுறாங்க" என்ற சொல்லைக் கேட்டாலே உதயாவுக்கு முகம் வெளுத்துவிடும். போன வருஷம் லைன் லீடர் பார்கவி மேடம் வந்து அதே சொல்லைச் சொன்னாள். இந்த மாதிரி மீட்டரை இனி யாரும் வாங்கமாட்டார்களாம், எல்லா வண்டியிலும் டிவி மாதிரி ஸ்கிரீன் வந்துவிட்டதாம், மார்ச்சோடு லைன் மூடுமாம், கான்ட்ராக்ட் ஆட்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கு ஆத்திரம் வந்தது, கத்தினேன். உதயா அடுத்த மீட்டரை எடுத்து ஒயரைச் சொருகினாள்.

அப்போதுதான் கார் வாங்கினார்கள். ஓஸ்வால்ட் ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன். தங்கவயல் பக்கம் இருந்த வீட்டு சைட்டையும் அவள் கழுத்தில் கிடந்ததையும் விற்று, வாடகைக்கு ஓட்ட மஞ்சள் போர்டு போட்ட பழைய டீசல் வண்டி ஒன்றை எடுத்து வந்து சந்தில் நிறுத்தினான். "இதுதாங்க்கா இனிமே எங்களுக்கு. இதுவும் போச்சின்னா ஒண்ணுமில்ல" என்று உதயா என்னிடம் சொல்லிவிட்டு, சொன்ன வாயை அவளே கையால் பொத்திக்கொண்டாள்.

டிரைவிங் ஸ்கூல்காரன் ஓஸ்வால்டுக்கு எட்டுப் போடக் கற்றுக்கொடுத்தான். கிளட்ச்சு, கியர், ரிவர்ஸ் எல்லாம் சொன்னான். இந்த விளக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னானா, பாவி? இல்லை. அதனால் ஓஸ்வால்ட் வீட்டில் கேட்டான். "சாவி போட்டா எல்லாம் எரியுது, ஸ்டார்ட் பண்ணா அணைஞ்சிடுது. இன்னா உதயா அது?" அவள் அரிசி களைந்துகொண்டே பதில் சொன்னாள். "வண்டி தன்னையே டெஸ்ட் பண்ணிக்குதுங்க. எங்க கம்பெனியில நாங்க பண்றோமே, அதேதான். எரிஞ்சா ஓகே." பாதி சரி. அந்தப் பாதிதான் குடியைக் கெடுத்தது.

செப்டம்பரில் சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவுக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆடுகோடி தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி உள்பக்கமாகப் பனி பிடித்து முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஓஸ்வால்ட் ஒரு கையால் ஓட்டி, ஒரு கையால் துண்டை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கத் துடைக்க மறுபடி பனி. பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்தான். நான் ஏழுமலையானையும் மாதாவையும் சேர்த்துக் கூப்பிட்டேன். உதயா குனிந்து ஏசி பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இந்த அம்பைப் பாருங்க, வண்டிக்குள்ளயே சுத்திக்கினு இருக்குது. நம்ம மூச்சுதான் திரும்பத் திரும்ப வருது. அதை அணைங்க. இங்க கண்ணாடி படம் போட்டு மேல மூணு அம்பு போவுது, அதை அமுக்குங்க. ஏசி ஓடட்டும்."

அமுக்கினான். கண்ணாடியில் கீழிருந்து மேலாகப் பனி விலகியது, ரோடு தெரிந்தது. நாங்கள் இருவரும் கைதட்டினோம். ஓஸ்வால்ட் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்திருக்கமாட்டான். "மீட்டர் அக்கான்னா சும்மாவா!" என்று என்னிடம் சொன்னான். மாதாவுக்கு முன்னால் வண்டிக்கு மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். அன்றிலிருந்து வண்டியில் எது எரிந்தாலும், எது சத்தம் போட்டாலும், அவளைக் கேட்காமல் அவன் எதுவும் செய்யமாட்டான்.

அது நடந்த நாளும் மழைதான். சந்து முனையில் புதிதாகப் போட்டிருந்த வேகத்தடையில் வண்டியின் அடிப்பாகம் டங்கென்று இடித்தது. ஓஸ்வால்ட் இறங்கிக் குனிந்து பார்த்தான். கீழெல்லாம் மழைத் தண்ணீர். அதில் எண்ணெய் ஒழுகுவது எப்படித் தெரியும்? எலெக்ட்ரானிக் சிட்டியில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு தொம்மலூருக்குப் புறப்பட்டான்.

எங்களுக்கு டீ நேரம். லாக்கரிலிருந்து போனை எடுத்ததும் உதயாவுக்கு அவன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டாள், நாங்களெல்லாம் சுற்றி நின்றோம்.

"உதயா, டோல்கிட்ட நிக்கிறேன். ஒரு லைட் மட்டும் தனியா எரியுது. செகப்பா."

"எப்பிடி இருக்குது?"

"டீ கெட்டில் மாதிரி. மூக்குல ஒரு சொட்டு."

எல்லாரும் சிரித்தோம். எங்கள் கெட்டில்! உதயா டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள். "மங்கலா எரியுதா, பளிச்சின்னு எரியுதா?"

"பளிச்சின்னு எரியுது."

"அப்ப ஓகேங்க. டெஸ்ட் ஓடுது. எரியலன்னாதான் பிராப்ளம். நீங்க போங்க."

"நீ சொன்னா சரி" என்று வைத்துவிட்டான். அந்த மேஜையைச் சுற்றி அத்தனை பேர் நின்றோம், ஒருத்திக்கும் அது தப்பென்று படவில்லை. படங்களில் சிலது பேசும். அன்றைக்குக் கண்ணாடியும் அம்பும் பேசின. கெட்டில் என்ன பேசும்? டீ ரெடி என்றுதான் சொல்லும்.

மேம்பாலத்தின் நடுவில் எஞ்சின் கடகடவென்று கத்திவிட்டு அப்படியே நின்றுபோனது. வந்தவர்கள் மழையில் இறங்கித் திட்டிவிட்டு வேறு வண்டி பிடித்துப் போனார்கள். கயிறு கட்டி இழுத்து வந்து, கோவிந்தப்பா மெக்கானிக் ஷெட்டில் விட்டார்கள். மறுநாள் உதயா என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஓஸ்வால்ட் எங்களுக்கு முன்னாலேயே அங்கே நின்றிருந்தான். கோவிந்தப்பா கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"ஆயில் ஒரு சொட்டு இல்லப்பா. எஞ்சின் ஜாம். உள்ள எல்லாம் போச்சு. இதை ரிப்பேர் பண்ற காசுக்கு வேற வண்டியே வாங்கலாம்." பிறகு கதவைத் திறந்து சாவியைத் திருப்பி, மீட்டரில் விரலை வைத்தார். "இந்த ஆயில் கேன் லைட் வந்திருக்குமே? ஸ்டார்ட் பண்ணா இது போயிடணும். ஓடும்போது வந்துச்சின்னா அங்கயே எஞ்சினை ஆஃப் பண்ணணும். ஒரு நிமிஷம் ஓட்டக் கூடாது. வரலியா?"

உதயா அந்த விளக்கையே பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் உதடு அசைந்தது. பொட்டி, பம்ப், புள்ளத்தாச்சி, கெட்டில். கெட்டிலில் நின்றுவிட்டது. "அண்ணா, அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

ஓஸ்வால்ட் முந்திக்கொண்டான். "வந்திச்சி அண்ணா. நான்தான் கவனிக்கல."

"கண்ணை எங்க வெச்சிருந்தே மாராயா? உன் வீட்டுக்காரம்மாவே மீட்டர் கம்பெனியில வேலை செய்யுது. அவங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

ஓஸ்வால்ட் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "யாருக்கும் சொல்லாதக்கா. அவ பேராவது நல்லா இருக்கட்டும்." மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கையை விட்டான்.

பிறகென்ன, சந்து முழுக்க அவனுக்குப் பட்டப்பெயர். குருட்டு டிரைவர். விளக்கு எரிவது தெரியாமல் எஞ்சினைக் கருக்கியவன். வண்டி இரும்பு விலைக்குப் போனது. அவன் பழையபடி வாட்ச்மேன் சட்டையை மாட்டிக்கொண்டான். உதயாவை எல்லாரும் பாவம் பார்த்தார்கள். "நீ இவ்ளோ தெரிஞ்சவ, உனக்குப் போயி இப்பிடி ஒரு புருஷன்" என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து, போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்துவிடுவாள்.

லைனில் அவளால் வேலை செய்ய முடியவில்லை. ஒருநாள் பார்த்தால் அவள் பக்கத்துச் சிவப்புப் பெட்டி நிரம்பி வழிகிறது. பச்சைப் பக்கம் ஒன்றுகூட இல்லை. பார்கவி மேடம் ஓடி வந்து ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தாள்.

"எல்லாம் எரியுதில்ல உதயா? ஏன் ரிஜெக்ட் போட்டே?"

"எரியுது மேடம்."

"எரிஞ்சா ஓகேதானே?"

"இல்ல மேடம். எரிஞ்சா நிறுத்தணும். ஒரு நிமிஷம்கூட ஓட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மார்ச்சுவரை இருந்த வேலை, அவளுக்கு மட்டும் அன்றோடு முடிந்தது. இப்போது அந்த நாற்காலியில் நான் உட்காருகிறேன். கெட்டில் எரிகிறது, ஓகே அழுத்துகிறேன். வேறென்ன செய்வது?

அவள் வேலை போன அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். உதயா அவனிடம் கெஞ்சினாள். "நான்தான் ஓட்டச் சொன்னேன்னு சொல்லிடுங்க. நாலு பேர் என்னைக் காறித் துப்பட்டும். உங்களைப் பேசுறத என்னால கேக்க முடியல." அவன் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே, "சொன்னா எஞ்சின் திரும்பி வருமா உதயா?" என்று கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. நான் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். எதிர்வீட்டு முகேஷ் புதிதாக ஒரு பழைய கார் எடுத்திருந்தான். அதை ஓடவிட்டபடியே அவர்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். "மீட்டர் அக்கா! செகப்பா கெட்டில் மாதிரி ஒரு லைட் எரியுது, இன்னான்னு வந்து பாருங்கக்கா!"

கதவைத் திறந்த உதயா அவனைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நைட் டியூட்டி முடிந்து அப்போதுதான் சந்துக்குள் வந்த ஓஸ்வால்ட், ஜன்னல் வழியாக மீட்டரை எட்டிப் பார்த்தான்.

"எஞ்சினை ஆஃப் பண்ணு முகேஷ். கோவிந்தப்பாவைக் கூப்புடு. இதை ஓட்டாத."

முகேஷ் சிரித்தான். "அய்ய, நீ சும்மா இருண்ணா. அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்காமதான நீ வண்டியத் தொலைச்சே?"

ஓஸ்வால்ட் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தான். என் வாய் நீளம் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு அது எங்கே போனதோ, குடம் நிரம்பி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. உள்ளே அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள். கதவு திறக்கவில்லை. முகேஷ் எஞ்சினை அணைக்காமலே "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.