சாம்பல் நிறத்தில் ஒரு சண்டை

தொண்ணூறுகளில் எங்கள் மந்தைவெளி வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளை டி.வி.தான். அதில் பார்த்த ஒரு குத்துச்சண்டைத் தீர்ப்பு இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. ஒருவனுக்குச் சிவப்புப் பனியன், மற்றவனுக்கு நீலம் என்பதே வர்ணனையாளர் சொல்லித்தான் தெரியும். நீலம் ஜெயித்ததாகவும் அவரேதான் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் டீக்கடைக்குப் போனால், எனக்கு முன்பே நண்பன் கொதித்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் கலர் டி.வி.

"சிவப்பைக் கவுத்துட்டானுங்க மச்சி!"

"அநியாயம்டா," என்றேன். டீ ஆறும்வரை நடுவர்களைத் திட்டித் தீர்த்தோம். பிறகு பேச்சு எடைப் பிரிவுக்குப் போனது. சிவப்பு அப்போதுதான் ஒரு பிரிவு மேலே ஏறி வந்தவன். எடை கூடியும் அவனுடைய இடது கை வேகம் குறையவே இல்லை என்றேன்.

நண்பன் கிளாஸைக் கீழே வைத்தான். "இன்னாடா சொல்ற? இடது கையில அடிச்சிக்கினு இருந்தது நீலம்டா!"

என் டி.வி.யில் இருவரும் ஒரே சாம்பல் நிறம், ஒரே உயரம், ஒட்ட வெட்டிய முடி. ஆரம்பத்தில் வர்ணனையைக் கேட்டு, எவன் சிவப்பு என்று சரியாகத்தான் அடையாளம் வைத்திருந்தேன்.

"எந்த ரவுண்டுலேர்ந்து மாத்திப் பாத்த?"

தெரியவில்லை. நான் கைதட்டியது முழுக்க நீலத்துக்கா, பாதி இவனுக்கும் பாதி அவனுக்குமா?

"அப்போ தீர்ப்பு கரெக்டுன்றியா?"

"கரெக்டாவது மண்ணாவது! தப்புதான்!" என்று கத்தினேன்.

யாருக்கு நடந்த தப்பு என்பதைத்தான் இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.