அந்தரத்தில் நின்ற தேத்தண்ணீர்

மகாதேவி ஒரு கையால் கோப்பையைப் பிடித்து, மறு கையால் கேத்திலைச் சரித்துத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கேத்தில் மூக்கிலிருந்து இறங்கிய தேத்தண்ணீர் கண்ணாடிக் குச்சிபோல அந்தரத்தில் நின்றது. கோப்பை பாதிதான் நிரம்பித் தெரிந்தது. அடுத்த கணம் விரல் வெந்தது; மேசையெல்லாம் தேத்தண்ணீர்.

"ஊசியிலை நூல் கோக்கத் தெரியுது, கோப்பை நிரம்பிறது தெரியேல்லையாக்கும்," என்றாள் கணவனின் தங்கை இராசாத்தி. "சந்தைக்குப் போகச் சோம்பல், பஞ்சியெண்டு நேரை சொல்லன் மச்சாள்."

மகாதேவி மேசையைத் துடைத்தாள். மயிலிட்டித் துறையில் மீன் வாங்கி, பனையோலைக் கடகத்தோடு பஸ் ஏறி, அச்சுவேலிச் சந்தையில் விற்று வந்தவள் அவள். எழுபத்தொன்பதாம் ஆண்டு மாரியில் தலைக்குள் இரத்தம் கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பினாள். அதன்பின் அசைகிற எதுவும் அவள் கண்ணில் அசையவில்லை. தூரத்தில் நின்ற பஸ் திடீரென்று மூக்குக்கு முன்னால் நிற்கும். இடையில் அது வந்த வழி தெரியாது.

"கண்ணிலை ஒரு பிழையுமில்லை அம்மா," என்றார் டொக்டர். "பொருளைப் பார்க்க மூளையிலை ஓரிடம், அது ஓடுறதைப் பார்க்க வேறை இடம் போலை. உங்களுக்கு அந்த இடந்தான் பழுது." மருந்தில்லை என்றும் சொல்லிவிட்டார்.

தலை வருத்தக்காரிக்கு அமைதி வேண்டும் என்று கணவன் நடராசா ஆட்டின் கழுத்து மணியைக் கழற்றினான், றேடியோவை மூடினான். வீட்டில் எல்லாரும் பூனைபோல நடந்தார்கள். வாசலில் நின்றவர் சத்தமில்லாமல் கட்டிலடியில் முளைப்பார். மகாதேவி துள்ளி விழுவாள். இருக்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. குசினிக்கும் கிணற்றடிக்குமாக அலைந்தாள். றோட்டுக்குப் போகாதபடி நடராசா படலையையும் கயிற்றால் கட்டிவிட்டான். சந்தையில் அவளுடைய இடத்தில் சின்னாச்சி என்ற மீன்காரி தன் கடகத்தை வைத்துவிட்டதாக நேற்றுத்தான் கேள்வி.

எரிச்சலோடு மறுபடி ஊற்றினாள். ஆவி அடிக்கவே கண்ணை இறுக மூடினாள். கோப்பைக்குள் கனத்து விழுந்த சத்தம் வரவர ஒடுங்கி மேலேறியது. கேத்திலை நிமிர்த்தினாள். விளிம்புவரை தேத்தண்ணீர், ஒரு துளி சிந்தவில்லை.

"இதென்ன கூத்து! கண்ணைத் திறந்தால் சிந்துறாள், மூடினால் அளவா ஊத்திறாள்!" என்றாள் இராசாத்தி.

மகாதேவி படலையடிக்கு ஓடிப்போய்க் கண்ணை மூடி நின்றாள். ஒரு சைக்கிள் கடகடவென்று கிட்ட வந்தது, கடந்தது, தேய்ந்தது. வந்த வழி முழுக்கக் காதில் இருந்தது.

"இஞ்சாருங்கோ, ஆட்டு மணி எங்கை?"

"தலைக்குள்ளை இடிக்குமெண்டெல்லோ கழட்டினனான்," என்றான் நடராசா.

"உங்கடை அமைதிதான் என்னை விழுத்தப் பாக்குது. திருப்பிக் கட்டுங்கோ. நீங்களும் செருமிக்கொண்டு நடவுங்கோ."

"றோட்டு?"

"நாளைக்குப் பின்னாலை வந்து பாருங்கோ."

மறுநாள் விடிந்ததும் நடராசா ஆட்டுக்கு மணியைக் கட்டினான். படலைக் கயிற்றை அவிழ்த்தான். மகாதேவி றோட்டோரம் கண்ணை மூடி நின்றாள். ஒரு லொறியைப் போகவிட்டாள். கால் வைத்தாள், பின்வாங்கினாள். கடலிரைச்சல் தவிர வேறொன்றும் கேட்காதபோது விறுவிறென்று கடந்தாள். பின்னால் நடராசா செருமிக்கொண்டே வந்தான். துறையில் சூடை மீன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அச்சுவேலியில் இறங்கி நேரே தன் இடத்துக்குப் போனாள்.

"சின்னாச்சியக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் அரக்கி இருங்கோ," என்று சொல்லிக் கடகத்தை இறக்கினாள்.