பேதிச் சாவை எழுதிய ரைட்டர்

தேவசிகாமணிக்கு ஏற்காட்டில் இரண்டு வேலைகள். காலையில் காபி எஸ்டேட் ரைட்டர். ஆட்களுக்குப் பேர் போடுவதும், உர மூட்டைக்கு ரசீது எழுதுவதும். மூன்று மணிக்கு மேல் சேலத்து நாளிதழ் ஒன்றின் பகுதிநேர நிருபர். அவர் அனுப்பியவையெல்லாம் சின்னச் செய்திகள்தான். கொண்டை ஊசி வளைவில் லாரி கவிழ்ந்தது, தலைச்சோலையில் சிறுத்தை ஆட்டைத் தூக்கியது, மாதா கோயில் தேர்த் திருவிழா. எழுதி உறையில் போட்டு, ஐந்து மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். மறுநாள் பேப்பரில் தன் வரிகளை வெட்டியிருந்தால் அன்று முழுக்க முகம் கடுகடுவென்றிருக்கும்.

“பத்து வரியில நாலாச்சும் வந்துச்சுல்லங்க” என்பாள் மனைவி ஆரோக்கியசெல்வி.

“அந்த நாலு வரியிலதான் ஒண்ணுமே இல்லையே” என்பார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் அவருக்கு வேறு மாதிரிச் செய்தி ஒன்று கிடைத்தது. மஞ்சக்குட்டைக்கு அப்பால், ஜீப் போகாத சரிவில் ஒரு சிற்றூர். அங்கே அரசு குடிதண்ணீர்த் தொட்டி கட்டி, மாலை போட்டுத் திறந்து ஒன்பது மாதமாகியிருந்தது. மோட்டார் மட்டும் வந்து சேரவில்லை. ஜனங்கள் ஓடைக் குழியில் மொண்டு குடித்தார்கள். பேதி கண்டது. எட்டே நாளில் ஐந்து பேர் போய்விட்டார்கள்.

தேவசிகாமணி நடந்தே போய் வீடு வீடாக விசாரித்தார். ஆராயி என்பவள் பதினோரு வயது மகளை இழந்திருந்தாள். அழுது முடித்துத் தொண்டை கட்டியிருந்தது.

“காலைல சோறு தின்னுச்சுங்க. பொழுது சாயறதுக்குள்ள கண்ணு உள்ள போயிருச்சுங்க. எழுதிக்குங்க சாமி, எம்புள்ள பேரு சின்னத்தாயி.”

ஐந்து பேர்களையும், வயதையும், இறந்த நாளையும் எழுதிக்கொண்டார். ஒரு வரியும் வெட்டாமல், அவர் பெயரோடு, மூன்றாம் பக்கத்தில் செய்தி வந்தது. அடுத்த வாரம் கோடை விழா. மந்திரி வருவதாக இருந்தது.

அன்று மதியமே ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் மாரிசாமி, தேவசிகாமணி குடியிருந்த எஸ்டேட் குவாட்டர்ஸுக்கு ஜீப்பில் வந்தார். சிரித்த முகம். டீ கேட்டு வாங்கிக் குடித்தார்.

“ஏனுங்க ரைட்டரே, நீங்க நொம்ப நல்லா எழுதறீங்களாமே. விழா முடியட்டும், உங்களுக்குப் பொன்னாடை போடச் சொல்றேன்.”

மாரிசாமி டம்ளரைக் காலி செய்துவிட்டு மேலே பேசினார்.

“பாப்பா ஒன்பதாவதா? நாலரை பஸ்ஸுல வந்து ஒண்டிக்கடை ஸ்டாப்புல எறங்கி, ஒத்தையா நடந்து வருதாமா. பாதை வேற காடு பாருங்க. பாத்துக்குங்க.”

டம்ளரை வைத்துவிட்டு ஆரோக்கியசெல்வியைப் பார்த்துக் கும்பிட்டுப் போனார். அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மறுநாளிலிருந்து மகளை அழைத்து வர அவளே போனாள்.

அதன் பிறகு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. விசாரணை என்றார்கள். காலை ஒன்பது மணிக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். “ஐயா வரட்டும்” என்றார் ஏட்டு. ஐயா வந்தார், போனார், மறுபடியும் வந்தார். இவரை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாலை ஆறு மணிக்கு, “நாளைக்கு வாங்க” என்றார்கள். இப்படியே ஏழு நாள். வழக்கு இல்லை, கையெழுத்து இல்லை, ஒரு அதட்டல்கூட இல்லை.

“ஒரு அறை விட்டிருந்தாங்கன்னா அதையாச்சும் செய்தியா அனுப்பியிருப்பேன்” என்று மனைவியிடம் பொருமினார். “பெஞ்சுல உக்கார வெச்சாங்கன்னு எழுதினா எவன் போடுவான்? சிரிப்பான்!”

ஒண்டிக்கடைக் கடைவீதியில் அவரைக் கண்டால் வியாபாரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பேதிப் பேச்சால் விழாவுக்குக் கூட்டம் குறைந்துவிடும் என்ற கோபம் அவர்களுக்கு. பல வருஷப் பழக்கமுள்ள லாட்ஜ்காரர் நடுரோட்டிலேயே கேட்டார்: “எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டு உங்களுக்கு என்னங்க ஆகப்போகுது?” செத்தவர்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேவசிகாமணிக்குத் தலை கொதித்தது.

விழாவுக்கு முந்தின நாள் பேப்பரில் மறுப்பு வந்தது. பேதியால் யாருமே இறக்கவில்லை, ஐவருக்கும் காய்ச்சல், குடும்பத்தாரே ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்திருக்கிறார்கள் என்று இருந்தது. கீழே, தவறான செய்திக்கு வருந்துகிறோம் என்று ஆசிரியர் குறிப்பு. தேவசிகாமணி போஸ்ட் ஆபீசிலிருந்து ஆசிரியருக்கு டிரங்க் கால் போட்டார்.

“சார், நான் நேர்ல போய்ப் பாத்தேன் சார்.”

“தெரியும்யா” என்றார் ஆசிரியர். “அரசு விளம்பரத்தை நிறுத்திட்டாங்க. இங்க வேலை பாக்குற இருபது குடும்பத்துக்கு நான் பதில் சொல்லணும். நீ கொஞ்ச நாள் சிறுத்தை, தேருன்னு அனுப்பு.”

தேவசிகாமணி மறுபடி சரிவு ஏறினார். அவரைக் கண்டதும் ஆராயியின் புருஷன் ஐயாக்கண்ணு எழுந்து காட்டுப் பக்கம் போய்விட்டான். ஆராயி மட்டும் நின்றாள்.

“கைநாட்டு வெச்சீங்களாமே?”

“வெச்சோமுங்க. வெக்காட்டி காப்பிச் செடியெல்லாம் பாரஸ்ட்டு எடத்துல இருக்குதுன்னு புடுங்கிப் போடுவோம்னாங்க.” பிறகு அவளே கேட்டாள்: “நீங்க எழுதுனீங்க, போலீசு வந்துச்சு. தண்ணி எங்கீங்க வந்துச்சு?”

அவருக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இறங்கும் வழியில் பாறை மேல் உட்கார்ந்து, கையிலிருந்த குறிப்பு நோட்டைத் தரையில் ஓங்கி அடித்தார். பிறகு அவரே குனிந்து எடுத்து மண்ணைத் தட்டினார்.

அந்த மாதக் கடைசியில் எஸ்டேட் மேனேஜர் கூப்பிட்டார். எஸ்டேட்டுக்கு ஆபீசர்கள் தயவு வேண்டியிருக்கிறது என்றார். “ரைட்டர் வேலையா, பேப்பர் வேலையா, ஒண்ணை விட்டிருங்க.” விட மாட்டேன் என்றதும் குவாட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். குடும்பம் ஊருக்குள் ஓட்டு வீடு ஒன்றுக்குக் குடிபோனது. ஆரோக்கியசெல்வி தையல் மெஷின் மிதித்தாள். அவர் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதப் போனார். அடுத்த தையில் பேப்பர்காரர்களும் நிருபர் அட்டையைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

இனி எழுதப் பேப்பர் இல்லை. ஆகவே மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்ததுபோல, செத்தவர்களுக்காகவும் மனு எழுத ஆரம்பித்தார். சாவுப் பதிவேட்டில் காய்ச்சல் என்றிருக்கும் காரணத்தைப் பேதி என்று திருத்த வேண்டும் என்பதே கோரிக்கை. ஒவ்வொரு மனுவும் ஏதாவதொரு மேஜையில் தொலைந்தது. அடுத்ததை எழுதினார். வாங்கும் குமாஸ்தா, “மறுபடியுமா?” என்று அவர் முன்னாலேயே சிரித்தார்.

நான்காம் வருஷம் ஒரு திங்கட்கிழமை ஆராயி தானே தாலுகா ஆபீசுக்கு வந்தாள், புருஷனிடம் சொல்லவில்லை. புதிதாக வந்திருந்த தாசில்தார் முன் நின்று, “அன்னிக்கு வெச்ச கைநாட்டு பொய்யிங்க. எம்புள்ள பேதியிலதான் செத்துச்சு” என்றாள். மற்ற நான்கு வீட்டாரும் வரவில்லை. ஏழு மாதம் இழுத்தடித்து, சின்னத்தாயி பெயருக்கு எதிரே மட்டும் காய்ச்சலை அடித்துவிட்டுப் பேதி என்று எழுதினார்கள்.

நகலை எடுத்துக்கொண்டு தேவசிகாமணி பஸ் ஏறிச் சேலத்துக்குப் போனார். நான்கு பேப்பர் ஆபீஸ்களின் படி ஏறினார். பழைய கதை என்று மூன்று பேர் சொன்னார்கள். நான்காமவர் வாங்கி வைத்துக்கொண்டார்; வெளியிடவில்லை.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து வெள்ளைத் தாளை எடுத்தார்.

“சாப்பிட்டுட்டு எழுதக் கூடாதாங்க?” என்றாள் ஆரோக்கியசெல்வி.

“இன்னும் நாலு பேரு இருக்காங்க” என்று எரிந்து விழுந்துவிட்டு, பேனாவை உதறி எழுத ஆரம்பித்தார்.