கோட்டைச் சிறையில் ஒரு படையல்

மலேசியாவில், மூவார் ஆற்றங்கரையில் வெள்ளைக்காரன் கட்டிய கோட்டை இது. முதலில் பீரங்கி வைத்தான். பிறகு, வேலைநிறுத்தம் செய்த தோட்டத்து ஆட்களை உள்ளே அடைத்தான். அவன் போனதும் அரசாங்கக் கிடங்கானது. இப்போது காப்பிக் கடை. பழைய சிறை அறையில் வாடிக்கையாளர்கள் கைவிலங்கு மாட்டிக்கொண்டு சிரித்தபடி படம் எடுக்கிறார்கள். 

குளுவாங் ஊரிலிருந்து என்னோடு வந்த சரசு அக்கா அந்த அறைத் தரையில் இலை விரித்துச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைக்கிறார். அவருடைய தாத்தா இங்கே அடைபட்டுச் செத்தவர். இன்று அவர் நினைவு நாள். செத்தவர் வந்து சாப்பிட, படையல் முடியும்வரை கதவைத் திறந்து வைப்பது அவர்கள் வழக்கம்.

கடை மேலாளர் தமிழர்தான். "இலை இருக்கட்டும்க்கா, பரவால்ல லா. கதவ மட்டும் சாத்திக்கிறேன். அப்பதான் போட்டோல ஜெயில் மாதிரி தெரியும். கஸ்டமர் வெயிட் பண்றாங்க."

"மாதிரி என்ன தம்பி, ஜெயிலேதான். சாத்திட்டா அவரு எப்படி உள்ள வருவாரு?"

மேலாளர் சிரித்துக்கொண்டே கம்பிக் கதவை இழுக்கிறார். நான் குறுக்கே போய் வாசலில் உட்கார்ந்துவிடுகிறேன். அக்கா சாம்பிராணி போட்டு முடிக்கட்டும். அதுவரை நான் எழுந்திருக்கப் போவதில்லை.