ஐந்நூறு மைலும் ஒரு டொபித் தகரமும்

வியாழக்கிழமை மாலை ஏழு மணி. மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டைப் பூட்டி, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சிட்னி மத்திய ரெயில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தோம். நாலாந்தரம் இழுக்காமல் வந்தது பெரிய காரியம் என்றாள் மனைவி புனிதம். சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திராது.

போவது பேர்க் என்ற வறண்ட ஊருக்கு. ரெயிலில் ஐந்நூறு மைலுக்குச் சற்று மேல். அங்கிருந்து செம்மண் தெருவில் தொண்ணூறு மைல் போனால் ஒரு மிஷன் நிலையம். அதை நடத்துகிறவர்கள் போதகர் அலனும் அவர் மனைவி ஜோனும். ஜோன் எட்டு வருடம் எங்கள் ஊர்ப்பக்கமான வடமராட்சியில் மிஷன் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். ஊரில் எல்லாருக்கும் அவர் மிசியம்மா. புனிதத்தின் அக்கா அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். நாங்கள் அவுஸ்திரேலியாவுக்கு வந்ததை அக்கா எழுதியதும், மிசியம்மாவிடமிருந்து நாலு மாதத்தில் நாலு கடிதங்கள். எல்லாவற்றிலும் ஒரே வரி: "கட்டாயம் வாங்கோ."

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? என் நெற்றியிலிருந்து திருநீற்றை அழித்துவிட்டுத்தான் திருப்பி அனுப்புவார்கள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அதைவிடப் பெரிய பயம் வேறு. புனிதத்துக்கு மூன்று மாதம். முதல் தடவை உண்டானபோது ஊரெல்லாம் கடிதம் எழுதினோம். எல்லாரும் வாழ்த்தினார்கள், இரண்டு கிழமையில் கலைந்துபோனது. கண்ணூறு என்றார் என் மாமியார். நான் பொறியியல் படித்தவன், சிரித்தேன். ஆனால் இம்முறை ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை. மிசியம்மாவோ தாதி. இரும்புச்சத்துக் குளிசைப் போத்தலில் ஆஸ்பத்திரி ஒட்டிய சீட்டைக் கண்டால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். அடுத்த தபாலில் அக்காவுக்குப் போகும். ஆகவே நான் என்ன செய்தேன் என்றால், சிவப்பு மினுக்கத்துடன் இருந்த அந்தக் குளிசைகளை வீட்டில் கிடந்த வெறும் டொபி மிட்டாய்த் தகரத்தில் கொட்டி, பையின் அடியில் வைத்தேன். நிலையத்துக் கடையில், மிசியம்மாவின் மூன்று வயது மகளுக்கென்று எண்பத்தைந்து சதத்துக்கு டொபி வாங்கினேன். அதே வகை, அதே நீலத் தகரம். அது என் மூளைக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. காலையில் டபோவில் இருபது சதத்துக்குத் தேநீர். மத்தியானம் பேர்க். அங்கே தபால் லொறிக்காரர் மிக் எங்களுக்காகக் காத்திருந்தார். தெருப்பலகைகள் எல்லாம் புதிதாகக் கிலோமீற்றருக்கு மாறியிருந்தன. எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"அரசாங்கத்துக்கு நூற்று நாற்பத்தைந்து. எனக்குத் தொண்ணூறு மைல். மழை பெய்தால் ஒரு கிழமை."

"தொலைபேசி இருக்கிறதா?"

"இருபக்கமும் பேசுகிற வானொலிப் பெட்டி இருக்கிறது. டொக்டரும் அதில்தான், கடைச் சாமான் சொல்வதும் அதில்தான். அங்கே நீங்கள் தும்மினால் நூறு வீட்டில் கேட்கும்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளம் வந்தபோதெல்லாம் புனிதம் ஒரு கையால் கதவுக் கம்பியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டாள். கையை எடு, அந்த ஆள் பார்க்கிறார் என்று நான் காதுக்குள் சொன்னேன்.

ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். தகரக் கூரை போட்ட வீடு, சின்னக் கோயில், ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், கண்ணுக்கு எட்டியவரை செம்மண். மிசியம்மா படியிறங்கி ஓடி வந்தார்.

"வாங்கோ, வாங்கோ. வழியிலை சரியாக் கஷ்டப்பட்டுப் போனீங்களோ? இந்தக் கதிரையிலை இருங்கோ பிள்ளை."

அந்த வெள்ளை முகத்திலிருந்து எங்கள் ஊர்ப் பேச்சு வந்தபோது நான் என்னையறியாமல் கைகூப்பிவிட்டேன். உடனே சுதாரித்துக்கொண்டேன். இப்படித்தான் ஆட்களை மயக்குவார்கள். குழாய்க்கிணற்றுத் தண்ணீர் கூழ்முட்டை மணம் மணந்தது. சூப்பை நான் கரண்டியால் கிளறிக் கிளறிப் பார்க்க, மிசியம்மா சொன்னார்: "மரக்கறிதான் தம்பி. பயப்பிடாமல் குடியுங்கோ."

மகள் ரூத், அவர்கள் இருவருக்கும் கலியாணமாகிப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு பிறந்த ஒரே பிள்ளை. நான் கொடுத்த தகரத்தை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தாள். தாய் மூன்று டொபி கொடுத்துவிட்டுத் தகரத்தை உயரத் தட்டில் ஏற்றிவிட்டார்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. ஆற்றங்கரை பார்க்க நாங்கள் இருவரும் நடந்துபோனோம். ஏழரைக்குத் திரும்பி வந்தால் வீட்டுக்குள்ளே குமட்டிச் சத்தி எடுக்கும் சத்தம். ரூத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அலன் பக்கத்து அறையில் முழங்காலில் நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொண்ணூறு மைலுக்கு அப்பால் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஜெபத்தை நம்பி உட்காரப் போகிறாரா இந்த மனிதர்? அவர் தலைக்கு மேலே வானொலிப் பெட்டி இரைந்தது. அவர் எப்போதோ டொக்டரைக் கூப்பிட்டுவிட்டு, தம் முறைக்குக் காத்திருந்த நேரத்தில்தான் ஜெபித்திருக்கிறார்.

டொக்டரின் குரல் வந்தது. சுவரில் ஒரு மனித உடம்புப் படம் தொங்கியது. கட்டம் கட்டமாகப் பிரித்து எண் போட்டிருந்தார்கள். எங்கே நோகிறது என்று எண்ணைச் சொன்னால் போதும். மருந்துப் பெட்டியிலும் பெயருக்குப் பதில் எண்கள்தான்.

"ஏதாவது குளிசை, மருந்து விழுங்கினாளா?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லை. பெட்டி பூட்டியிருக்கிறது. சாவி என் மனைவியின் கழுத்தில்" என்றார் அலன்.

நான் பின்னாலேயே நின்றேன். எனக்குத் தண்ணீர்மேல் சந்தேகம், முந்தின இரவுச் சூப்மேல் சந்தேகம். அந்த வீட்டில் நான் சந்தேகப்படாத ஒரே பொருள் என் பை.

கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் பருகக் கொடுத்து, ஒரு மணிக்குத் திரும்பக் கூப்பிடச் சொன்னார் டொக்டர். பத்து மணிவரை பிள்ளை துடித்தாள். பன்னிரண்டுக்கு வயிற்று நோ அடங்கித் தூங்கிப்போனாள். "கர்த்தருக்குத் தோத்திரம்" என்றார் மிசியம்மா. அலன் கண்ணைத் துடைத்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு புனிதம் குளிசை எடுக்க அறைக்குப் போனவள், வாசலில் நின்று என்னைச் சைகையால் கூப்பிட்டாள். தகரம் கட்டிலுக்கு அடியில் திறந்து கிடந்தது. பாதிக்கு மேல் காணவில்லை. சப்பித் துப்பிய சிவப்புத் தோல் ஒன்று தரையில் ஒட்டியிருந்தது.

"டொபி எண்டு நினைச்சுத் திண்டிட்டுது" என்றாள்.

இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியது: பிள்ளைக்குத்தான் சுகமாகிவிட்டதே, ஏன் சொல்ல வேண்டும்? சொன்னால் நூறு வீட்டில் கேட்கும். புனிதத்தின் வயிற்றில் நூறு பேர் கண்வைப்பார்கள். மிசியம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பது? தகரத்தை மூடினேன்.

"திறவுங்கோ" என்றாள் புனிதம். "அதுவும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே. நீங்கள் சொல்லாட்டி நான் போய்ச் சொல்லுவன்."

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அலன் வானொலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தகரத்தை அவர் கையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. திட்டுவார் என்று நின்றேன். அவர் ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார். "நீங்களே பேசுங்கள். குளிசையின் பெயர் எனக்குத் தெரியாது."

பேசினேன். எத்தனை, எப்போது, என்ன நிறம் எல்லாம் கேட்டார் டொக்டர். யாருடைய குளிசை என்றும் கேட்டார்.

"என் மனைவியுடையது. அவர் மூன்று மாதக் கர்ப்பிணி."

டொக்டர் சொன்னார்: "பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது என்று நம்பவேண்டாம். இரும்பு இப்படித்தான் சிலமணி நேரம் ஏமாற்றும். அதற்குப் பிறகுதான் ஆளைக் கொல்லும். விமானம் இப்போதே புறப்படுகிறது. நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் நாளைக்கு நான் வந்தும் பயனிருந்திராது."

அலன் தம் லொறியை எடுத்தார். வீட்டுக்குப் பின்னாலிருந்த இறங்குதளத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைக் கலைக்க, நான் பின்பெட்டியில் நின்று தகரத்தட்டில் கரண்டியால் அடித்தேன். இரண்டரைக்கு விமானம் இறங்கியது. மிசியம்மா பிள்ளையைத் தோளில் போட்டு ஏறினார். என்னைப் பார்க்கவில்லை. அன்று பின்னேரம் அலன் முழங்காலில் நின்றபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த ஒரே தேவாரத்தை வாய்க்குள் சொன்னேன். யாரும் யாரையும் மதம் மாற்றவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணி. ஆஸ்பத்திரியிலிருந்து மிசியம்மா வானொலியில் வந்தார். ரூத் கண்டத்தைத் தாண்டிவிட்டாள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அலன் மேசையில் தலையைச் சாய்த்து அழுதார். பிறகு மிசியம்மா, கேட்டுக்கொண்டிருந்த நூறு வீட்டுக்கும் விளங்காதபடி, தமிழில் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, புனிதம் லொறியாலை இறங்கேக்கை வயித்திலை கை வைச்சுக்கொண்டு இறங்கினவா. எனக்கு அப்பவே தெரியும். உங்கட ஆக்கள் மூண்டு மாதம் சொல்லமாட்டியள் எண்டும் தெரியும். அதுதான் நான் கேக்கேல்லை. அலனுக்குக்கூடச் சொல்லேல்லை. அக்காவுக்கும் எழுதமாட்டன்."

யார் வாய்க்குப் பயந்து தகரத்தில் கொட்டினேனோ, அவர் வாயே திறக்கவில்லை. வானொலியில் ஊர் முழுக்கப் பறைசாற்றியவன் நான்.

திங்கட்கிழமை லொறி வந்தது. மிக் புனிதத்திடம் ஒரு காகிதப் பொதியை நீட்டினார். அறுபது மைலுக்கு அப்பால் ஆட்டுப்பண்ணை நடத்தும் ஒரு பெண் கொடுத்தாராம், முகம்கூடத் தெரியாது. பிரித்தால் மஞ்சள் நூலில் பின்னிய இரண்டு சின்னக் காலுறைகள். பழக்கதோஷத்தில் ஏன், எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். புனிதம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பொத்திக்கொண்டேன்.

மெரிலேண்ட்ஸில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் இரண்டு வருடமாகியும் எனக்குத் தெரியாது. அவருக்கும் என் பெயர் தெரியாது. அதை நான் இதுவரை பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் புனிதம் மிஞ்சிய குளிசைகளைப் பழைய போத்தலில் போட்டாள். பிள்ளைக் கை எட்டாத உயரத்தில், குசினி மேல்தட்டில் வைத்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லாரும் வாசிக்கும்படி வெளிப்பக்கம் பார்த்திருந்தது. நான் அதைத் திருப்பி வைக்கவில்லை.