கூடாரத்தில் யார் இருப்பது?

என் தங்கை மகன் பழைய வேன் ஒன்றை வாங்கி, அதற்குள் படுக்கையும் அடுப்பும் வைத்து வீடாக்கியிருக்கிறான். வேனின் பக்கவாட்டில் மாட்டும் கூடாரங்களில் எதை வாங்கலாம் என்று சில படங்களை வாட்ஸாப்பில் அனுப்பி என்னைக் கேட்டான். போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளிடம் கேட்டால் முறையான பதில்தான் வரும். வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்தினால் அது உருமாற்றம், அனுமதி வேண்டும். கழற்றி மாட்டுவது வெறும் சாமான், யார் அனுமதியும் வேண்டாம் என்று எழுதினேன். வண்டி கிளம்பிப் போன பிறகும் தன் காலிலேயே நிற்கிற கூடாரமாகப் பார்த்து வாங்கு என்றும் சேர்த்தேன். அவன் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினான். காரணம் கேட்கவில்லை.

காரணம், நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் தெருவில் நடந்தது.

என் சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். அப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். சொல்தா வீட்டுப் பிள்ளைகளைச் சட்டையை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். அந்த முறை நீண்ட விடுப்பில் வந்தவர், சித்தியையும் மகளையும் மட்டுமல்லாமல் ஒரு வேனையும் கப்பலில் கொண்டுவந்திருந்தார். மேரியில், அதாவது நகராட்சியில், குமாஸ்தாவாக இருந்த என் அப்பாதான் லீவு போட்டுச் சென்னைத் துறைமுகத்துக்கு அலைந்து அதை வெளியே எடுத்தார். குறித்த காலத்துக்குள் திரும்பக் கொண்டுபோய்விடுவோம் என்று உறுதி கொடுத்தால்தான் வெளிநாட்டு வண்டியை உள்ளே விடுவார்கள். ஊரைவிட்டுப் போகிற மனிதர்களிடம் யாரும் அப்படி எழுதி வாங்குவதில்லை.

வேனுக்குள் மடக்குக் கட்டில் இருந்தது. இரண்டு அடுப்பு இருந்தது. தெருக்குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் பிடிக்கிற என்னால் மன்னிக்க முடியாதபடி ஒரு குழாயும் இருந்தது. சித்தப்பா மகள் அதைத் திறந்து காட்டினாள். கைநீட்டினேன்.

"தொடாத. கை அழுக்கா கீது" என்றாள்.

என்னைவிட இளையவள். முறைப்படி என்னை அக்கா என்று கூப்பிட வேண்டும். அதுவரை ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து அவளுடைய செருப்பு, ரிப்பன், இருமல் என்று எல்லாவற்றின் மீதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. இருமல்கூட எங்களுடையதைவிட நாகரிகமாக இருந்தது.

இரண்டு குடும்பமும் சேர்ந்து கன்னியாகுமரி வரை கடற்கரையோரமாகவே போய்வரலாம் என்று சித்தப்பா சொன்னபோது, என் பொறாமை ஒரே நாளில் பாதியாகக் குறைந்தது. சிக்கல் ஒன்றுதான். வேனில் அவர்கள் குடும்பம் மட்டுமே படுக்க முடியும். அதற்கும் சித்தப்பாவிடம் வழி இருந்தது. வேனின் பக்கத்தில் ஒரு கூடாரம் மாட்டினால் நாங்கள் அதில் படுத்துக்கொள்ளலாம். அவர் அதை ஓவான் என்றார். பிரான்சிலிருந்து வரவழைக்க நேரமில்லை என்பதால், முத்தியால்பேட்டையில் சாமியானாவும் லாரிப் படுதாவும் தைக்கிற கடைக்குப் போனோம். அந்த ஓவான் அமைந்தால் எங்களுக்குக் கன்னியாகுமரி உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கடைக்குள் காலெடுத்து வைத்தபோது எனக்கு அது மட்டும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

நிறத்தில் தொடங்கியது. சித்தப்பா மகள் நீலக்கோடு போட்ட துணி வேண்டும் என்றாள். அதனாலேயே நான் காக்கி வேண்டும் என்றேன். சித்தி மஞ்சளைத் தொட்டுப் பார்த்தார். அம்மா உடனே மஞ்சள் சீக்கிரம் அழுக்கேறும் என்றார். கடைசியில் பச்சை லாரிப் படுதாவில், ஏதோ கல்யாணச் சாமியானாவில் மிஞ்சிய சிவப்புச் சாலரை, அந்தத் தொங்கல் மடிப்புத் துணியை, ஓரமாக வைத்துத் தைப்பது என்று முடிவாயிற்று. யாருக்கும் பிடிக்காததால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

உண்மையான சண்டை காலில் வந்தது.

"நாலு காலா, ரெண்டு காலா?" என்று கடைக்காரர் கேட்டார். இரண்டு கால் என்றால் மறுபக்கத்தை வேனின் கூரைக் கம்பியில் கட்ட வேண்டும். வேன் இருந்தால்தான் கூடாரம். நாலு கால் என்றால் தானே நிற்கும். வேன் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம்.

"நாலு காலுதான்" என்றார் சித்தப்பா. "காலையில வண்டிய எடுத்துகினு ஊருக்குள்ள போயி மீனு, பாலு வாங்கியாறலாம். ஓவான் அப்படியே நிக்கும்ணே. சாமானும் பத்திரமா இருக்கும்."

"கூடாரத்துல யாரு இருப்பா?" என்று அப்பா கேட்டார்.

"யாராச்சும் இருப்போம்."

"வண்டியில யாரு போவா?"

சித்தப்பா சிரித்தார். "என்னாண்ணே, கோர்ட்டுல கேக்குற மாதிரி கேக்குற?"

"ரெண்டு காலு போதும்பா" என்று அப்பா கடைக்காரரிடம் திரும்பினார். "வண்டி நவுந்தா எல்லாருமே நவுரணும்."

கடைக்காரர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "அண்ணன் தம்பிங்களுக்குத் தச்சா நடுவுல ஒரு தடுப்பும் சேத்தே தச்சிடுவேன். வேணுமா?" என்றார். சித்தி மட்டும் சிரித்தார்.

அப்பா மூத்தவர். இரண்டு கால் என்றே முடிவாயிற்று.

எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு கூடாரத்தின் காலுக்காக இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிற அப்பாவும், சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுக்கிற சித்தப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சித்தப்பா மகளோடு இடம் மாற்றிக்கொள்ளலாம் என்றால் அந்தக் கடையிலேயே மாற்றிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, என் தங்கையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, அப்பாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"நல்ல வேல செஞ்சீங்க. உங்கம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப, நீ பாத்துக்கண்ணே, சீக்கிரம் வந்துடுறேன்னுட்டுதான் கப்பலேறுனாரு. காரியத்துக்குக்கூட வரல. மூலக்குளத்துல அவுருக்கு வூடு கட்டறப்பவும் வெயில்ல நின்னது நீங்கதான். போற எடத்துலயும் காவல் காக்கணுமா?"

பெரியவர்கள் பேச்சு எப்போதும் இப்படித்தான், கூடாரத்தில் ஆரம்பித்துச் சம்பந்தமே இல்லாத எங்கேயோ போய்விடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படும் நாள் காலையில் மூலக்குளத்திலிருந்து அவர்கள் வேனோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வண்டிக்குப் பூசை போட வேண்டும். வண்டி புதிது என்றால் ஓவானும் புதிதுதானே, அதற்கும் சேர்த்தே போட வேண்டும் என்று அம்மா சொன்னார். அதில் தவறு காண யாராலும் முடியவில்லை. தெருவிலேயே ஓவானைக் கட்டினார்கள். தார் ரோட்டில் முளையடிக்க முடியாது. பந்தல்காரர்கள் செய்வதுபோல மணல் நிரப்பிய தகர டின்களில் இரண்டு கால்களையும் நட்டார்கள். மறுபக்கத்தை வேனின் கம்பியில் அப்பா தன் கையாலேயே, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டுக் கட்டினார். படுதாவுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சாலரின் மேல் சாமந்தி மாலை போட்டார்கள். பார்க்க ஒரு சின்னக் கோவில் மாதிரி இருந்தது.

சித்தப்பா ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தார். சித்தியும் மகளும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். எங்கள் மூட்டையும் அம்மா கட்டிய புளிச்சோறும் முன்பே உள்ளே போயிருந்தன. நாங்கள் கீழே நின்றோம், பூசை செய்ய ஆள் வேண்டுமே. அப்பா பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார். அம்மா கற்பூரம் காட்டினார். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, "ராகு காலம் வரப் போவுது. எடு தம்பி, எடு" என்றார். தெருவே எடு, எடு என்றது. எல்லோரும் குனிந்து எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சித்தப்பா எடுத்தார்.

பழங்கள் நான்கும் ஒழுங்காக நசுங்கின. அதில் ஒரு குறையும் இல்லை. கூடவே ஓவானும் கிளம்பியது. அப்பாவின் முடிச்சுகள் ஒன்றுகூட அவிழவில்லை. தகர டின்கள் உருண்டு, தடதடவென்று மணலைக் கொட்டியபடி வேனின் பின்னால் ஓடின. தெருமுனையில் இருந்தவர்கள் மாலையும் சத்தமுமாக வருவதைப் பார்த்து ஏதோ ஊர்வலம் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் படுதா, சாலர் தைத்த இடத்திலிருந்து நீளவாக்கில் கிழிந்து ரோட்டில் விழுந்தது.

வேன் முனையில் நின்றது. பின்னால் வரவில்லை. நல்ல நேரத்தில் கிளம்பிய வண்டியைத் திருப்பக் கூடாது, ஆள் இறங்கி நடந்து வரலாம் என்று எதிர்வீட்டுக்காரர் விதியை விளக்கினார். பின்னாளில் நான் எத்தனையோ விதிகளைப் படித்தேன். அவ்வளவு உறுதியாக யாரும் விளக்கிக் கேட்டதில்லை.

சித்தப்பா நடந்து வந்தார். கிழிசலைத் தூக்கிப் பார்த்தார். அதில் இனி யாரும் படுக்க முடியாது என்பது எனக்கே தெரிந்தது.

"பரவால்லண்ணே. தச்சு வை. அடுத்த தடவ எல்லாருமா போவலாம்."

அப்பா தலையாட்டினார். அம்மா கற்பூரத் தட்டோடு உள்ளே போய்விட்டார். எங்கள் மூட்டையைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. முனையில் வேனின் சன்னல் வழியாகச் சித்தப்பா மகள் எட்டிப் பார்த்து, "அக்கா, போயிட்டு வர்றேன்" என்று கையாட்டினாள். கூப்பிடுவதற்கு அவளுக்குக் கிடைத்த நேரம் அது. நான் அழுதுகொண்டே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

சித்தப்பா இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார்.

"மூலக்குளத்து வூட்ட கொஞ்சம் பாத்துக்கண்ணே. செடிக்குத் தண்ணி மட்டும் ஊத்திடு."

"எப்ப வருவ?"

"சீக்கிரம் வந்துடுவேன்."

வேன் திரும்பி மறைந்தது. அப்பா ரோட்டில் கிடந்த படுதாவின் பக்கத்தில் சாவியை உள்ளங்கையில் வைத்தபடி நின்றிருந்தார். பையில் போடவும் இல்லை, கையை மூடவும் இல்லை.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. அந்த வீட்டில் குளிர்பெட்டி இருந்தது. அவளுடைய கட்டில் இருந்தது. குழாய், வேனில் இருந்ததைவிடப் பெரியது, கையைக் கழுவாமலேயே திறக்கலாம். வண்டிதான் அவளோடு போயிற்று, வீடு முழுவதும் எங்களிடம் வந்துவிட்டது. ஜெயித்தது நாங்கள்தான் என்று தோன்றியது. எங்கப்பாவை நம்பித்தான் சித்தப்பா எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறார் என்று, தெருவில் இருந்த பிள்ளைகள் எல்லோரிடமும் ஓடி ஓடிச் சொன்னேன். அப்பாவின் காதில் விழட்டும் என்று, கொஞ்சம் உரக்கவே.