முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு துண்டு

ஃபீனிக்ஸ் பே கப்பல்துறைக் கவுண்டரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து தவமணி அக்காவின் தம்பி அழைத்தார். "அக்கா காலைல போய்ட்டாங்க. சாயங்காலமே எடுக்கிறோம்" என்றார். அதற்குள் போய்ச் சேர வழியில்லை. வரிசை நீளமாக நின்றது. டிக்கெட் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலருக்கு அக்கா பிசியோதெரபிஸ்ட். எனக்கு முதலில் வாலிபால் தோழி. கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சுனாமியில் வீடு போனபின் மரைன் ஹில்லில் என் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியேறினார்.

போன வருடம் ஒரு ஸ்மாஷ் அடித்ததில் என் வலது தோள் இறுகிப்போனது. தனியாக வாழ்கிறவள் நான். தலை பின்னிவிடக்கூட ஆளில்லை. முடியை வெட்டிவிடலாம் என்றேன். "முடிய விடு, மூட்டப் பாப்போம்" என்றார் அக்கா.

தினமும் மாலையில் வருவார். தோளுக்கான பயிற்சிகளில் மடக்கல், நீட்டல், விலக்கல், சேர்த்தல் எல்லாம் வந்தன. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை மட்டும் வெளியே கொண்டுபோகும் திருப்பல்தான் வரவில்லை. வலிக்குப் பயந்து முழங்கையையும் சேர்த்து நகர்த்திவிடுவேன். "அடியே, கள்ளாட்டம்! இது விலக்கல். நான் கேட்டது திருப்பல். ஆராம்ஸே, மெதுவா பண்ணு" என்று முழங்கையைப் பிடித்துக்கொள்வார். ஏக், தோ, தீன் என்று இந்தியில் எண்ணுவார். என்னை அந்த நாட்களில் தொட்ட ஒரே கை அது.

பிறகு ஒருநாள் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி என் கைக்கும் விலாவுக்கும் நடுவில் செருகினார். "மெயின்லேண்ட் போறேன், சென்னைக்கு. சும்மா செக்கப்தான். நான் வர்ற வரைக்கும் இது புடிச்சுக்கும். விழுந்துச்சுன்னா கள்ளாட்டம்னு அர்த்தம்."

ஊரார் நோயையெல்லாம் நடையைப் பார்த்தே சொன்னவர், தன் நோயை என்னிடம் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்று வலது கை தலைக்குப் பின்னால் போனது. நானே பின்னலை முடித்து, காட்டுவதற்காகக் கீழே இறங்கினேன். பாதிப் படியில்தான் நினைவு வந்தது. கதவில் பூட்டு தொங்கியது.

மேலே வந்து துண்டை இடுக்கிக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். அந்தத் துண்டும் அந்த எண்ணிக்கையும்தான் அவர் எனக்கு விட்டுப்போனவை. எட்டாவதில் துண்டு விழுந்தது. சற்று நேரம் காத்திருந்தேன். பிறகு நானே சொல்லிக்கொண்டேன்: "அடியே, கள்ளாட்டம்."